கிராக்கரை மூடுவதா, காப்பதா, மாற்றுவதா, விற்பதா?

ஸ்காட்லாந்தில் கிரேஞ்ச்மவுத் என்று ஒரு துறைமுக ஊர். அங்கே இரண்டு ஆலைகள் அக்கம்பக்கமாக நின்றன. ஒன்று 1924-ல் தொடங்கிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. 2025 ஏப்ரல் 29-ம் தேதி அது கச்சா எண்ணெய் சுத்திகரிப்பதை நிறுத்தியது. நானூறுக்கும் மேற்பட்ட வேலைகள் அதோடு போயின. மற்றொன்று பிளாஸ்டிக்குக்கு மூலமான எத்திலீன் வாயுவைத் தயாரிக்கும் ஆலை. இந்த வகை ஆலையைத்தான் தொழிலில் கிராக்கர் என்பார்கள். அதே ஆண்டு டிசம்பரில் பிரிட்டன் அரசு அதைக் காப்பாற்ற 12 கோடி பவுண்டு தருவதாக அறிவித்தது. உரிமையாளரான இனியோஸ் 3 கோடி போடுகிறது. ஐந்நூறு வேலைகள் தப்பின.

நடுவில் எட்டு மாதம்தான். முதல் ஆலையில் வேலை போனவரும் இரண்டாவது ஆலையில் வேலை நிலைத்தவரும் ஒரே ஊர்க்காரர்கள், ஒரே கடைத்தெருவில் சாமான் வாங்குகிறவர்கள். "எங்களுக்கு ஏன் இல்லை?" என்று முன்னவர் கேட்டால் அதில் முழு நியாயமும் இருக்கிறது.

இதே கேள்வி இப்போது பெல்ஜியம், ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி, நெதர்லாந்து என்று ஐரோப்பாவின் பெட்ரோகெமிக்கல் ஊர்கள் பலவற்றில் எழுந்திருக்கிறது. ஒரு பழைய ஆலை நஷ்டத்தில் ஓடுகிறது. அதை என்ன செய்வது? இழப்பீடு கொடுத்து மூடலாம். அரசுப் பணம் போட்டு ஓட்டலாம். மூலப்பொருளை மாற்றிப் பார்க்கலாம். ஆலையையே வேறொன்றாக மாற்றலாம். யாராவது வாங்க வந்தால் விற்றுவிடலாம். ஐந்து வழிகளுக்கும் அண்மைக்கால உதாரணங்கள் இருக்கின்றன. அதனால் காகிதக் கணக்கை விட்டுவிட்டு நடந்ததை வைத்தே ஒப்பிடலாம்.

ஒப்பிட எனக்கு ஒரு அளவுகோல் இருக்கிறது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய வேலை போகும் நாளுக்கும் புதிய வேலையில் சேரும் நாளுக்கும் இடையே எத்தனை மாதம், அந்த மாதங்களின் பாரத்தை யார் சுமக்கிறார்கள் என்பதைத்தான் நான் பார்க்கிறேன். கம்பெனிகளின் லாபநஷ்டக் கணக்கை எழுதப் பலர் இருக்கிறார்கள். ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிறவரின் கணக்கை யாராவது எழுத வேண்டும்.

நோய் என்ன?

கிராக்கர் என்பது பெட்ரோகெமிக்கல் தொழிலின் தாய் ஆலை. கச்சா எண்ணெயிலிருந்து பிரியும் நாப்தா திரவத்தையோ இயற்கை எரிவாயுவோடு கிடைக்கும் ஈத்தேன் வாயுவையோ நீராவியோடு கலந்து, 800 டிகிரிக்கு மேல் கொதிக்கும் ஃபர்னஸ் குழாய்களில் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் ஓடவிட்டால் மூலக்கூறுகள் உடைந்து எத்திலீன் பிறக்கும். பால் பாக்கெட்டில் இருந்து வீட்டுக்குப் போடும் பிவிசி பைப் வரை எல்லாம் அதிலிருந்து வருபவை. நாப்தாவை உடைத்தால் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் எத்திலீன். மீதி புரோப்பிலீன், பியூட்டாடையீன், பென்சீன் என்று பிரியும். ஈத்தேனை உடைத்தால் ஐந்தில் நான்கு பங்கு எத்திலீனாகவே கிடைக்கும்.

இந்த வித்தியாசம்தான் ஐரோப்பாவின் தலையெழுத்தை மாற்றியது. அமெரிக்காவில் பாறை அடுக்குகளை உடைத்து எடுக்கும் ஷேல் வாயு பெருகியதும் ஈத்தேன் மலிவாகக் கொட்டியது. வளைகுடா நாடுகளுக்கு அது முன்பே இருந்த வசதி. ஐரோப்பிய கிராக்கர்கள் பெரும்பாலும் 1960களிலும் 70களிலும் நாப்தாவுக்காகக் கட்டப்பட்டவை. அப்புறம் 2022 வந்தது. ரஷ்ய எரிவாயு குறைந்தது. முந்தைய பல ஆண்டுகளாக மெகாவாட்-மணிக்கு 20 யூரோவைச் சுற்றியே இருந்த வாயு விலை அந்த ஆகஸ்டில் 300 யூரோவைத் தாண்டியது. பிறகு இறங்கினாலும் பழைய இடத்துக்கு வரவில்லை. கார்பன் புகை விட ஆலைகள் வாங்க வேண்டிய உரிமத்தின் விலை 2023 பிப்ரவரியில் டன்னுக்கு 100 யூரோவைத் தொட்டது. இதற்கு நடுவே சீனா கிராக்கர் மேல் கிராக்கராகக் கட்டிக்கொண்டே போனது. ஜெர்மனியின் பாஸ்ஃப் கம்பெனியே தன் மிகப் பெரிய முதலீட்டைச் சுமார் 870 கோடி யூரோ அளவில் தென் சீனாவின் ஜான்ஜியாங்கில் செய்திருக்கிறது. அதே கம்பெனி தன் தாய்வீடான லுட்விக்ஸ்ஹாஃபனில் அமோனியா ஆலையையும், மெத்தை நுரைக்கு மூலமான டிடிஐ ஆலையையும் மூடுவதாக 2023-ல் அறிவித்தது.

2003-ல் உலக ரசாயன விற்பனையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பங்கு 27 சதவீதம். இருபது ஆண்டில் அது 13 சதவீதம் ஆகிவிட்டது. 2022 முதல் மூடுவதாக அறிவிக்கப்பட்ட ரசாயன உற்பத்தித் திறன் 3.7 கோடி டன், நேரடியாக அடிபடும் வேலைகள் 20,000 என்று செஃபிக் என்ற ஐரோப்பிய ரசாயனத் தொழில் கூட்டமைப்பு கணக்கிட்டிருக்கிறது. கூட்டமைப்பு முதலாளிகளுடையது, அரசிடம் சலுகை கேட்கும் தரப்பு என்பதை மனத்தில் வைத்துக்கொண்டே அந்த எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் கதவடைப்புகள் கண்முன்னே நடக்கின்றன.

மூடுவது: மூன்று மாதமா, இரண்டரை ஆண்டா?

மூடுவதைப் பற்றி எழுதுபவர்கள் இழப்பீட்டுத் தொகையைத்தான் பெரிதாகப் பேசுகிறார்கள். என் பார்வையில் முன்னறிவிப்புக் காலம் அதைவிடப் பெரிது.

ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதியில் மாஸ்மோரன் எத்திலீன் ஆலை. 1985 முதல் ஓடியது. அமெரிக்க எண்ணெய்க் கம்பெனி எக்ஸான்மொபில் அதை 2026 பிப்ரவரியில் மூடப்போவதாக 2025 நவம்பரில் அறிவித்தது. மூன்று மாதம். கம்பெனியின் நேரடி ஊழியர்கள் 179 பேர், கான்ட்ராக்ட் தொழிலாளர்கள் ஏறக்குறைய 250 பேர். கான்ட்ராக்ட்காரர்கள்தான் அதிகம் என்பதைக் கவனியுங்கள். மாற்று வேலை என்று பேச்சு வந்தபோது அது நாட்டின் மறு கோடியில், சவுத்தாம்ப்டன் பக்கம் இருக்கும் ஃபாலி ஆலையில், சில பத்துப் பேருக்கு. அதுவும் நேரடி ஊழியர்களுக்கு. குழாய்க்கு இன்சுலேஷன் சுற்றியவருக்கும் சாரம் கட்டியவருக்கும் அந்தப் பட்டியலில் இடமில்லை.

இதோடு பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்பை ஒப்பிடலாம். அங்கே பிரெஞ்சு எண்ணெய்க் கம்பெனி டோட்டல்எனர்ஜிஸுக்கு இரண்டு கிராக்கர்கள். பழையதை 2027 கடைசிக்குள் மூடுவதாக 2025 ஏப்ரலில் சொன்னது. 253 பேருக்குப் பாதிப்பு. வயதானவர்களுக்கு ஓய்வு, மற்றவர்களுக்கு அதே வளாகத்தின் வேறு யூனிட்டுகளில் இடம், யாரையும் வெளியே அனுப்பப் போவதில்லை என்பது கம்பெனியின் உறுதி. இது நடக்கக் காரணம் இரண்டு. ஒன்று, இரண்டரை ஆண்டு அவகாசம். இன்னொன்று, பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும் பெரிய வளாகம். ஆன்ட்வெர்ப் ஐரோப்பாவின் மிகப் பெரிய ரசாயனத் துறைமுகம். ஒரு கேட்டை மூடினால் இன்னொரு கேட் நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. மாஸ்மோரன்காரருக்கு அந்த வசதி இல்லை. இருபது மைலுக்குள் இருந்த கிரேஞ்ச்மவுத் ஏற்கெனவே ஆள் குறைத்த ஊர்.

பிரான்சில் நார்மண்டியின் கிராவன்ஷோன் இரண்டுக்கும் நடுவில் வரும். 2024 ஏப்ரலில் எக்ஸான்மொபில் அங்கே கிராக்கரையும் அதைச் சார்ந்த யூனிட்டுகளையும் மூடுவதாகவும் 677 வேலைகள் போகும் என்றும் அறிவித்தது. 2018 முதல் 50 கோடி யூரோவுக்கு மேல் நஷ்டம் என்றது. பிரெஞ்சுச் சட்டப்படி பெரிய கம்பெனி கூட்டமாக ஆள் குறைத்தால் வேலைக் காப்புத் திட்டம் ஒன்றைத் தொழிற்சங்கத்தோடு பேசித் தயாரிக்க வேண்டும். ஆயிரம் பேருக்கு மேல் வைத்திருக்கும் கம்பெனி ஆலையை மூடுவதற்கு முன் வாங்குபவரைத் தேட வேண்டும் என்று 2014-ல் ஒரு சட்டமும் வந்தது. தேட வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. கண்டுபிடித்து விற்றே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

ஜெர்மனியில் இன்னொரு ஏற்பாடு. ஆலை மூடும்போது "டிரான்ஸ்ஃபர் கம்பெனி" ஒன்றை உருவாக்கி வேலை இழப்பவர்களை ஓராண்டு வரை அதில் சேர்ப்பார்கள். நிகரச் சம்பளத்தில் 60 சதவீதம், பிள்ளை இருந்தால் 67 சதவீதம் அரசு நிதியில் வரும். அந்த நேரத்தில் வேறு தொழில் பழகலாம், நேர்காணலுக்குப் போகலாம். 57 வயதுக்காரர் இதைக் கடந்து ஓய்வூதியத்தை எட்டிப்பிடித்துவிடுவார். 25 வயதுக்காரர் ஊரை விட்டுப் போய்விடுவார். நடுவில் 42 வயதில், வீட்டுக் கடனோடு, இருபது ஆண்டாக ஒரே கிராக்கரின் கட்டுப்பாட்டுப் பேனலைப் பார்த்துக்கொண்டிருந்த ஆபரேட்டருக்குத்தான் ஓராண்டு போதாது. அவர் கற்ற வித்தை அந்த ஒரு ஆலையின் வித்தை. அந்த ஃபர்னஸ் எந்த நேரத்தில் எப்படி முரண்டு பிடிக்கும் என்பது அவருக்குத் தெரியும். அந்த அறிவுக்கு வெளியே விலை கிடைப்பது கடினம்.

இன்னொரு விஷயம், தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரிந்தது. கிராக்கரை ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை முழுமையாக நிறுத்திப் பராமரிக்க வேண்டும். ஷட்டவுன் என்பார்கள். வாரக்கணக்கில் நடக்கும், கோடிக்கணக்கில் செலவாகும். நஷ்டத்தில் ஓடும் ஆலையின் முதலாளி அந்தச் செலவுக்கு முன்னால்தான் உட்கார்ந்து யோசிப்பார். ஆகவே மூடும் முடிவு திடீரென்று வானத்திலிருந்து விழுவதில்லை. அடுத்த ஷட்டவுனுக்கு உபகரணங்கள் ஆர்டர் ஆகின்றனவா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

அரசுப் பணம் போட்டு ஓட்டுவது

கிரேஞ்ச்மவுத் எத்திலீன் ஆலைக்கு வருவோம். 12 கோடி பவுண்டை 500 வேலைகளால் வகுத்தால் ஒரு வேலைக்கு 2 லட்சத்து 40 ஆயிரம் பவுண்டு. அந்தப் பணத்தை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் அரசு வாங்கியது 500 சம்பளங்களை மட்டும் இல்லை. மாஸ்மோரன் மூடியபின் பிரிட்டனில் மிஞ்சிய ஒரே எத்திலீன் ஆலை இதுதான். இங்கிலாந்தின் டீஸைடில் சவூதி கம்பெனியான சாபிக்கின் வில்டன் கிராக்கர் 2020-க்குப் பின் ஓடவே இல்லை, 2025-ல் அதை நிரந்தரமாக மூடுவதாக அறிவித்துவிட்டார்கள். கிரேஞ்ச்மவுத்தும் போனால் பிளாஸ்டிக், மருந்துப் பொட்டலம், தண்ணீர்க் குழாய் எல்லாவற்றுக்கும் மூலப்பொருளை முழுக்கக் கப்பலில் எதிர்பார்க்க வேண்டும்.

சரி, சுத்திகரிப்பு ஆலைக்கு ஏன் இல்லை? பெட்ரோலையும் டீசலையும் கப்பலில் கொண்டுவருவது எளிது. அந்த ஆலை இருந்த இடம் இப்போது எரிபொருள் இறக்குமதி முனையமாக இயங்குகிறது. எத்திலீனை அப்படிக் கொண்டுவருவது சிரமம். மைனஸ் 100 டிகிரிக்கும் கீழே குளிர்விக்க வேண்டும், அதற்கென்று தனிக் கப்பல் வேண்டும். ஆகவே பொருளின் இயல்பை வைத்துப் பார்த்தால் அரசின் தேர்வில் ஒரு தர்க்கம் இருக்கிறது. ஆனால் அந்தத் தர்க்கம் வேலை இழந்த நானூறு குடும்பங்களிடம் ஏப்ரலிலேயே பேசப்பட்டிருக்க வேண்டும். மூடப்போகும் செய்தி 2023 நவம்பரிலேயே வந்தது. ஒன்றரை ஆண்டு இருந்தது. அந்தக் காலம் ஆய்வறிக்கைகளில் கழிந்தது என்பதுதான் என் வருத்தம்.

அரசுப் பணம் நீண்ட காலத்துக்கு என்ன செய்யும் என்பதற்குக் கிழக்கு ஜெர்மனியின் ஷ்கோபாவ் நல்ல பாடம். கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் அங்கிருந்த பூனா ஆலையில் ஏறக்குறைய 18,000 பேர் வேலை பார்த்தார்கள். இரு ஜெர்மனிகளும் இணைந்ததும் அந்த ஆலைக்கு எதிர்காலம் இல்லை என்று சந்தை சொல்லிவிட்டது. 1991-ல் சான்சலர் ஹெல்முட் கோல் அங்கே போய், ரசாயனத் தொழிலை இந்த மண்ணில் காப்போம் என்று வாக்குக் கொடுத்தார். பல நூறு கோடி மார்க் அரசுப் பணத்தோடு அமெரிக்காவின் டவ் கம்பெனி ஷ்கோபாவையும் அதற்கு எத்திலீன் தரும் போலன் கிராக்கரையும் 1990களின் நடுவில் எடுத்துக்கொண்டது. பதினெட்டாயிரம் வேலை தப்பவில்லை. அதில் ஒரு சிறு பகுதிதான் மிஞ்சியது. ஆனால் மிஞ்சியது முப்பது ஆண்டு நீடித்தது. சுற்றிலும் புதிய ஆலைகள் வந்தன. ஒரு தலைமுறை அந்த ஊரிலேயே வாழ்ந்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, ஓய்வுபெற்றது.

இப்போது அதே டவ், போலன் கிராக்கரையும் ஷ்கோபாவின் குளோரின், வினைல் யூனிட்டுகளையும் 2027 கடைசியில் மூடப்போகிறது. வேல்ஸின் பாரி ஆலையையும் சேர்த்து ஏறக்குறைய 800 வேலைகள் என்று 2025 ஜூலையில் அறிவித்தது. முப்பது ஆண்டுக்கு முன் போட்ட பணம் வீணா? நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு தலைமுறைக்கான அவகாசத்தை அந்தப் பணம் வாங்கிக் கொடுத்தது. அதை வாங்கியவர்கள் அடுத்த தலைமுறைக்கு என்ன செய்தார்கள் என்பதுதான் கேள்வி.

ஈத்தேனுக்கு மாறுவது

நாப்தா நஷ்டம் என்றால் அமெரிக்க ஈத்தேனைக் கப்பலில் கொண்டுவரலாமே என்று இனியோஸ்தான் முதலில் பெரிய அளவில் துணிந்தது. 2013 அக்டோபரில் கிரேஞ்ச்மவுத்தில் பெரிய தகராறு. பெட்ரோகெமிக்கல் ஆலையை மூடுவோம் என்று கம்பெனி அறிவித்தது. தொழிலாளர்கள் சம்பள உயர்வை நிறுத்திவைக்கவும் ஓய்வூதிய முறையை மாற்றவும் ஒப்புக்கொண்ட பின்பே முடிவு மாறியது. பிரிட்டன் அரசு கடனுக்கு உத்தரவாதம் கொடுத்தது, ஈத்தேன் இறக்கும் முனையம் கட்டினார்கள், 2016 செப்டம்பரில் முதல் அமெரிக்கக் கப்பல் வந்தது. இன்றைக்கு அந்த ஆலை உயிரோடு இருப்பதற்கு அந்த முனையமும் ஒரு காரணம். அதன் விலையில் ஒரு பகுதியைத் தொழிலாளர்கள் தங்கள் ஓய்வூதியத்தில் இருந்து கட்டினார்கள் என்பதை மறக்கக் கூடாது.

அதே கம்பெனி ஆன்ட்வெர்ப்பில் 'புராஜெக்ட் ஒன்' என்று ஏறக்குறைய 400 கோடி யூரோவில் புதிய ஈத்தேன் கிராக்கர் கட்டுகிறது. ஆண்டுக்கு 14.5 லட்சம் டன். ஒரு தலைமுறைக்குப் பின் ஐரோப்பாவில் எழும் முதல் புதிய கிராக்கர். நிரந்தர வேலை எத்தனை தெரியுமா? சுமார் 450. ஒரு வேலைக்கு 89 லட்சம் யூரோ முதலீடு. புதிய கிராக்கர் வந்தால் பழைய ஆட்களுக்கெல்லாம் வேலை கிடைத்துவிடும் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். தவிர, அந்தப் புதிய ஆலையின் மலிவான எத்திலீனோடுதான் மற்ற ஊர்களின் பழைய நாப்தா கிராக்கர்கள் இனிப் போட்டி போட வேண்டும்.

ஈத்தேன் மட்டும் இருந்தாலும் போதாது. மாஸ்மோரன் ஈத்தேன் கிராக்கர்தான். வடகடல் வாயுவை நம்பிக் கட்டியது. அந்த வாயு வற்றிக்கொண்டே வந்தது. ஆழமான துறைமுகம், குளிர்பதனத் தொட்டி, எத்திலீனை வாங்க வளாகத்திலேயே ஆலைகள், இல்லாவிட்டால் ஆன்ட்வெர்ப்பையும் நெதர்லாந்தின் கெலீனையும் ஜெர்மனியின் ரூர் பகுதியையும் இணைக்கும் ஏறக்குறைய 500 கிலோமீட்டர் எத்திலீன் குழாயோடு தொடர்பு, இவை எல்லாம் சேர்ந்தால்தான் இந்த வழி திறக்கும். ஐரோப்பாவில் இப்படிப்பட்ட இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. நாப்தா கிராக்கர் தரும் பியூட்டாடையீனும் பென்சீனும் ஈத்தேன் கிராக்கரில் மிகக் குறைவு என்பதால், அவற்றை நம்பியிருக்கும் ரப்பர் ஆலைகளும் தவிக்கும்.

ஆலையை வேறொன்றாக மாற்றுவது

கேட்க மிக அழகான வழி இது. இத்தாலியில் எனி என்ற எண்ணெய்க் கம்பெனியின் துணை நிறுவனமான வெர்சாலிஸ், பிரிண்டிசி, பிரியோலோ என்ற இரண்டு தெற்கத்திய ஊர்களின் கிராக்கர்களை மூடுவதாக 2024 அக்டோபரில் அறிவித்தது. பதினைந்து ஆண்டில் ஏறக்குறைய 700 கோடி யூரோவை அடிப்படை ரசாயனம் விழுங்கிவிட்டது என்றது. கூடவே 200 கோடி யூரோ புதிய முதலீட்டையும் சொன்னது. பிரியோலோவில் தாவர எண்ணெய்க் கழிவிலிருந்து எரிபொருள் தயாரிக்கும் ஆலையும் பிளாஸ்டிக் மறுசுழற்சியும், பிரிண்டிசியில் மின்சாரம் சேமிக்கும் பேட்டரித் தொழில். நேரடி ஊழியர் ஒருவருக்கும் வேலை போகாது என்று உறுதி. 2025 மார்ச்சில் ரோமில் ஒப்பந்தம் கையெழுத்தானது. இத்தாலியின் மிகப் பெரிய தொழிற்சங்கமான சிஜில் மட்டும் கையெழுத்துப் போடவில்லை.

சிஜில் பிடிவாதம் பிடித்தது என்று எழுதினார்கள். அவர்களின் அச்சம் எனக்கு நியாயமாகவே படுகிறது. பிரிண்டிசி கிராக்கர் 2025-ன் முதல் மாதங்களிலும் பிரியோலோ கிராக்கர் அந்தக் கோடையிலும் நின்றுவிட்டன. பிரியோலோவின் புதிய ஆலை 2028 கடைசியில் தயாராகும் என்பது திட்டம். இடையே மூன்றாண்டுக்கு மேல். நேரடி ஊழியருக்குச் சம்பளம் வரும். சுற்றியுள்ள கான்ட்ராக்ட் கம்பெனிகளுக்கு? பராமரிப்பு, கிரேன், லாரி, கேன்டீன் என்று ஒரு கிராக்கரைச் சுற்றி வாழும் உலகத்தை இத்தாலியர்கள் 'இந்தோத்தோ' என்பார்கள். அந்த உலகத்துக்கு வாக்குறுதி ஒன்றும் எழுத்தில் இல்லை. தெற்கு இத்தாலியில் அடுத்த வேலை எளிதில் கிடைக்கும் ஊர்களும் அதிகம் இல்லை.

இதற்காக மாற்றமே வெறும் கதை என்று சொல்லிவிட முடியாது. இதே எனி 2014-ல் வெனிஸ் பக்கத்து போர்ட்டோ மர்கேராவின் பழைய சுத்திகரிப்பு ஆலையைத் தாவர எண்ணெய் எரிபொருள் ஆலையாக மாற்றிக் காட்டியது. 2019-ல் சிசிலியின் கேலாவிலும் செய்தது. தொழில்நுட்பம் உண்மையானது. வேலைகளின் எண்ணிக்கைதான் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. கிரேஞ்ச்மவுத்துக்காக அரசுச் செலவில் செய்த 'புராஜெக்ட் வில்லோ' ஆய்வு 2025 மார்ச்சில் வந்தது. ஒன்பது திட்டங்களைச் சொன்னது. பிளாஸ்டிக் மறுசுழற்சி, மரக்கழிவிலிருந்து எத்தனால், விமான எரிபொருள் இப்படி. தேவைப்படும் முதலீடு 350 கோடி பவுண்டு. வரக்கூடிய வேலைகள் 2040-க்குள் 800 வரை. 2025-ல் வேலை இழந்தவர் பதினைந்து ஆண்டு காத்திருக்க முடியாது. அது அவர் மகளுக்கான வேலை. மகளுக்கு வேலை வருவது நல்லதுதான், அதை அப்பாவுக்கான பதிலாகக் காட்டுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

விற்றுக் கைகழுவுவது

2025-ல் லியோண்டெல்பாசெல் என்ற ரசாயனக் கம்பெனி தன் நான்கு ஐரோப்பிய வளாகங்களை மியூனிக்கைச் சேர்ந்த ஏக்விட்டா என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு விற்க ஒப்புக்கொண்டது. பிரான்சின் பெர், ஜெர்மனியின் மியூன்ஷ்மியூன்ஸ்டர், பிரிட்டனின் கேரிங்டன், ஸ்பெயினின் தாரகோனா. விற்பவர்தான் 26.5 கோடி யூரோவை அந்தத் தொழிலுக்குள் போட்டுக் கொடுக்கிறார், வாங்குபவர் போடுவது ஒரு கோடி. 2026 ஜனவரியில் சாபிக்கும் தன் ஐரோப்பிய பெட்ரோகெமிக்கல் தொழிலை இதே ஏக்விட்டாவுக்கு 50 கோடி டாலர் மதிப்பில் விற்பதாக அறிவித்தது.

விற்பவர் பணம் கொடுத்து விற்கிறார் என்றால் அந்தச் சொத்தோடு என்ன கடமைகள் போகின்றன என்று கேட்க வேண்டும். ஓய்வூதியம், மண்ணைச் சுத்தம் செய்யும் பொறுப்பு, மூடினால் தர வேண்டிய இழப்பீடு. ஆழமான பையுள்ள பெரிய கம்பெனி மூடும்போது அதன் தலைமையகத்துக்கு முன்னால் போய் நிற்கலாம். கைமாறிய பிறகு யாருடைய வாசலில் நிற்பது? புதிய உரிமையாளர் கவனமாக நடத்திக் காப்பாற்றவும் கூடும், பெரிய கம்பெனிகள் புறக்கணித்த ஆலைகளைச் சிறிய கைகள் ஓட்டிக் காட்டியதும் உண்டு. ஆனால் சந்தை கீழே போகும் நேரத்தில் தொழிலாளிக்கு இதுதான் மிக ஆபத்தான வழி என்று நான் நினைக்கிறேன். விற்பனை நடக்கும் நாளில் யாருக்கும் வேலை போவதில்லை. அதனால் கூட்டம் கூடுவதில்லை, செய்தியாவதில்லை, அமைச்சர் வருவதில்லை.

பிரான்சின் கிரெனோபிள் அருகே வென்கோரெக்ஸ் ஆலையில் நடந்தது இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது. அது கிராக்கர் இல்லை, பெயிண்ட் வகைகளில் சேரும் ஐசோசயனேட் தயாரித்த ரசாயன ஆலை. 2024 செப்டம்பரில் திவால் காப்புக்குள் போனது. தொழிலாளர்கள் கூட்டுறவாக எடுத்து நடத்தும் திட்டத்தோடு வந்தார்கள். தற்காலிகமாக அரசுடைமை ஆக்குங்கள் என்று கேட்டார்கள். அரசு மறுத்தது. 2025 ஏப்ரலில் நீதிமன்றம் சீனாவின் வான்ஹுவாவுக்குச் சொந்தமான போர்சோட்கெமின் ஏலத்தை ஏற்றது. ஏறக்குறைய 450 வேலைகளில் 50 மிஞ்சின. வென்கோரெக்ஸ் தந்துகொண்டிருந்த சுத்தமான உப்பை நம்பி, பக்கத்து ஊரில் ஆர்கெமா ஆலையும் இருந்தது. அங்கேயும் ஆள்குறைப்பு. ஒரு செங்கல்லை உருவினால் பக்கத்துச் செங்கல்லும் ஆடும் என்பதை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கண்டுபிடிக்கிறார்கள்.

என் முடிவு

ஐந்தையும் ஒரே தட்டில் வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் மறுப்பேன். ஊருக்கு ஊர் பதில் மாறும். ஆனால் வரிசை எனக்குத் தெளிவாகவே இருக்கிறது.

துறைமுகமும் ஈத்தேன் வசதியும் குழாய்த் தொடர்பும் உள்ள சில கிராக்கர்களை அரசுப் பணம் கொடுத்தாவது காப்பது சரி. கிரேஞ்ச்மவுத் எத்திலீன் ஆலை அப்படிப்பட்டது. கொடுக்கும் பணத்துக்கு ஈடாக அரசு ஆலையில் பங்கு வாங்கிக்கொள்ள வேண்டும், இத்தனை ஆண்டு ஓட்டுவோம் என்ற எழுத்துபூர்வ உறுதியும் வாங்க வேண்டும். ஓய்வூதியத்தைக் குறைத்து ஆலையைக் காக்கும் 2013 வழி மறுபடியும் வரக் கூடாது. அந்த வசதிகள் இல்லாத, துறைமுகத்திலிருந்து தள்ளி இருக்கும் நாப்தா கிராக்கருக்கு ஆண்டுதோறும் மானியம் கொட்டுவதைவிட, ஆன்ட்வெர்ப் பாணியில் இரண்டரை ஆண்டு அவகாசத்தோடு மூடுவது தொழிலாளிக்கே நல்லது. மாற்றத் திட்டங்களை வரவேற்கலாம், ஆனால் புதிய ஆலைக்கு அஸ்திவாரம் போட்ட பிறகே பழைய ஃபர்னஸை அணைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. இத்தாலியில் இந்த வரிசை தலைகீழாகிவிட்டது. விற்பனை என்றால் விற்பவரின் பொறுப்பு பத்தாண்டாவது தொடர வேண்டும்.

சுற்றுச்சூழலுக்காக மூடுவது நல்லது என்று சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிளாஸ்டிக் பயன்பாடு குறையாமல் கிராக்கர் மட்டும் மூடினால் அதே பாலித்தீன் வேறு நாட்டிலிருந்து கப்பலில் வரும். புகை இடம் மாறும். ஊரும் வேலையும் மட்டும் போகும்.

கான்ட்ராக்ட் தொழிலாளரைக் கணக்கில் சேர்க்காத எந்தத் திட்டத்துக்கும் தொழிற்சங்கம் கையெழுத்திடக் கூடாது. மாஸ்மோரனின் 179-ம் 250-ம் சொல்வது அதைத்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் குறைந்தது 200 பேர் ஒரேயடியாக வேலை இழந்தால் உதவும் நிதி ஒன்று இருக்கிறது. கீழ்நிலை கான்ட்ராக்டரிடம் வேலை பார்த்தவர்களையும் அந்தக் கணக்கில் சேர்க்க வழியுண்டு. கேட்டால்தான் கிடைக்கும்.

போலனில் கிராக்கர் நிற்பது 2027 கடைசியில். அதுவரை ஃபர்னஸ் எரியும், ஷிப்ட் மாறும், சம்பளம் வரும். அந்த நாட்களில் 42 வயது பேனல் ஆபரேட்டரை வாரத்துக்கு ஒரு நாள் ஷிப்டிலிருந்து விடுவித்து, சம்பளத்தோடு பயிற்சிக்கு அனுப்ப முடியும். லைப்சிக் பகுதியின் மின்வாரியத்துக்கும் தண்ணீர் நிலையத்துக்கும் மருந்து ஆலைக்கும் ஆபரேட்டர்கள் தேவை. பிரெஷர், டெம்பரேச்சர், வால்வு, அலாரம் எல்லாம் அங்கேயும் உண்டு. டிரான்ஸ்ஃபர் கம்பெனியின் ஓராண்டு, ஆலை மூடிய மறுநாள் தொடங்குவது. இந்தப் பயிற்சியை இந்த மாதமே தொடங்கலாம்.